ஜனவரி முதல் பத்து நாளுக்கு ‘வரலாற்றில் இன்று’: பிழையில்லாமல் தொகுக்கும் முறை

‘கலிலியோ மறைந்த அதே ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார்.’ ஜனவரி 8 வந்தால் ஏதாவது ஓர் அறிவிப்புப் பலகையிலோ வானொலியிலோ இந்த வரி வந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கணக்கில் நிற்காது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. அது இத்தாலி அப்போது பின்பற்றிய, இன்று நாமும் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. அது இங்கிலாந்து அப்போதும் கைவிடாமல் வைத்திருந்த பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி. இரண்டையும் கிரிகோரியனில் எழுதினால் நியூட்டன் பிறந்த நாள் 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனில் எழுதினால் கலிலியோ இறந்த நாள் 1641 டிசம்பர் 29. எந்தப் பக்கம் போனாலும் ஆண்டு ஒன்றாக வராது. ஒருவருக்கு ஒரு நாள்காட்டி, மற்றவருக்கு இன்னொன்று என்று கலந்தால்தான் அந்த வரி உண்மையாகும்.

ஆண்டின் மற்ற நாள்களில் இப்படிக் கலந்தால் தேதி மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளும். ஜனவரியின் தொடக்கத்தில் ஆண்டே மாறிப்போகும். பழைய கணக்கின் டிசம்பர் கடைசி வாரம் புதிய கணக்கில் இங்கேதான் வந்து விழுகிறது. ஜனவரியை முந்தைய ஆண்டோடு சேர்த்தெழுதிய நாடுகளின் ஆவணங்களும் இங்கேதான் குழப்புகின்றன. போதாததற்கு, சட்டங்களும் ஒப்பந்தங்களும் ‘ஜனவரி 1 முதல்’ என்றே நடைமுறைக்கு வருகின்றன. அதனால் இந்தப் பத்து நாளுக்குப் பட்டியல் தயாரிப்பவர் தேதியை அப்படியே நகலெடுக்காமல் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு வேலைத்தாள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி ஒதுக்கி ஏழு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: நிகழ்வு, மூலத்தில் உள்ளபடி தேதி, அது எந்த நாள்காட்டி, நடந்த இடம், உள்ளூர் நேரம், நிகழ்வின் எந்த நிலை, கிழமை. வரியின் கடைசியில் இரண்டு ஆதாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு, நாளுக்கு நான்கு வீதம் 40 நிகழ்வுகள் வேண்டுமென்றால் 60 வரிகளாவது நிரப்பியாக வேண்டும். சோதனையில் கணிசமான வரிகள் உதிர்ந்துவிடும். ஜனவரி 1க்குத் தேவைக்கு மேல் கிடைக்கும், 2ஆம் தேதிக்குத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு இணையப் பட்டியல்கள் ஒரே தேதியைச் சொன்னால் அதை இரண்டு ஆதாரமாக எண்ண வேண்டாம். ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம், இரண்டுமே மூன்றாவது ஒன்றைப் பார்த்தவையாகவும் இருக்கலாம். ஒப்பந்த வாசகம், சட்டத்தின் பிரதி, கழகக் கூட்டக் குறிப்பு, விண்வெளி நிறுவனத்தின் பயண அறிக்கை போன்றவை ஒன்றாகவும், அந்தத் துறையில் எழுதப்பட்ட நூல் இன்னொன்றாகவும் இருப்பது நல்லது. பழைய செய்தித்தாளை எடுத்தால், தாளின் தலைப்பில் உள்ள தேதியை நிகழ்வின் தேதியாக எழுதிவிடாதீர்கள். ‘நேற்று’ என்ற சொல் செய்திக்குள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஜனவரி 1க்கு மட்டும் இன்னொரு கண்ணி உண்டு. ஆண்டு தெரிந்து நாள் தெரியாதபோது பல கணினித் தரவுத்தளங்கள் நாள், மாதக் கட்டங்களில் ‘01-01’ என்று நிரப்பிவிடும். அங்கிருந்து எடுக்கும் பட்டியலில் யார் யாரோ ஜனவரி 1இல் பிறந்திருப்பார்கள், எத்தனையோ நிறுவனங்கள் அன்றே தொடங்கியிருக்கும். ஜனவரி 1 பிறந்தநாள் எதுவானாலும் தனியாக ஆதாரம் கிடைக்கும்வரை தள்ளி வையுங்கள்.

நிகழ்வின் எந்த நிலை?

தேதிப் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஒரு நிகழ்வுக்குப் பெரும்பாலும் ஒரே தேதி இருப்பதில்லை. கையெழுத்து, ஒப்புதல், அமல், தொடக்க விழா, மக்களுக்குத் திறப்பு, அறிவிப்பு, விற்பனை என்று ஒவ்வொன்றும் தனித்தனி நாள். உங்கள் வரியின் வினைச்சொல் எதுவோ, அந்த வினை நடந்த நாளாகத் தேதி இருக்க வேண்டும்.

ஐபோன் 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அறிமுகமானது, கடைக்கு வந்ததோ ஜூன் 29. ‘ஐபோன் வெளியான நாள்’ என்று ஜனவரி 9இல் எழுதினால் தவறு, ‘அறிவிக்கப்பட்ட நாள்’ என்றால் சரி. ஃபோர்டு நிறுவனம் எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் தினக்கூலி என்று அறிவித்தது 1914 ஜனவரி 5. அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர். புதிய கூலி நடைமுறைக்கு வந்தது ஜனவரி 12. லண்டனின் முதல் சுரங்க ரயிலுக்கு 1863 ஜனவரி 9 அன்று விழா நடந்தது, மறுநாள் சனிக்கிழமை பயணிகள் ஏறினார்கள். முதல் நாளே சுமார் 38,000 பேர். ‘மக்களுக்குத் திறக்கப்பட்டது’ என்று எழுதுகிறீர்களா, அது 10.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய வேர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28, நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் பிறந்ததும் அந்த ஜனவரி 10தான். அதன் மன்றம் முதன்முதலில் கூடியது ஜனவரி 16 அன்று பாரிசில். மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு வாக்கியங்கள்.

ஒரே ஆவணத்துக்கே இரண்டு நாள் ஆவதும் உண்டு. 1942இல் வாஷிங்டனில் ‘ஐக்கிய நாடுகள் பிரகடன’த்தில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், சீனா ஆகிய நான்கும் ஜனவரி 1 அன்று கையெழுத்திட்டன. மற்ற 22 நாடுகள் மறுநாள் போட்டன. ஆக, ‘ஜனவரி 1 அன்று 26 நாடுகள் கையெழுத்திட்டன’ என்பது சரியில்லை. இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, அந்த நாளையே ஐ.நா. அமைப்பு தொடங்கிய நாளாக எழுதுவது. 1942இல் ‘ஐக்கிய நாடுகள்’ என்பது போர்க் கூட்டணியின் பெயர். அமைப்பு உருவானது 1945 அக்டோபர் 24, அதன் பொதுச்சபை முதலில் கூடியது 1946 ஜனவரி 10, லண்டனில், 51 நாடுகளுடன்.

அறிவியல் கண்டுபிடிப்புகளுக்கு மூன்று தேதிகள் வரும். எரிஸ் என்ற குறுங்கோளின் படம் பாலோமர் வானாய்வகத்தில் எடுக்கப்பட்டது 2003 அக்டோபர் 21. அந்தப் படங்களில் அது இருப்பதை மைக் பிரவுன் குழு கண்டுகொண்டது 2005 ஜனவரி 5. உலகுக்குச் சொன்னது 2005 ஜூலை 29. ஜனவரிப் பட்டியலில் ‘கண்டறியப்பட்டது’ என்று மட்டும் எழுதலாம்.

நிலையைக் கவனித்தால் சில பழக்கப்பட்ட வரிகளும் கொஞ்சம் ஆட்டம் காணும். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1815 ஜனவரி 8 நியூ ஆர்லியன்ஸ் சண்டையை ‘போர் முடிந்த பிறகு நடந்த சண்டை’ என்பார்கள். கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கை 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது மெய்தான். ஆனால் இரு தரப்பும் ஒப்புதல் தந்த பிறகே போர் நிற்கும் என்பது அதன் நிபந்தனை, அமெரிக்க மேலவை ஒப்புதல் தந்தது 1815 பிப்ரவரியில். ஆகவே ‘உடன்படிக்கை கையெழுத்தான செய்தி வந்து சேருமுன் நடந்த சண்டை’ என்பதே பொருத்தம்.

நாள்காட்டி மாற்றம்

கிரிகோரியன் நாள்காட்டி 1582 அக்டோபரில் தொடங்கியது. அக்டோபர் 4க்கு மறுநாள் 15. அதற்கு முந்தைய நிகழ்வுகளை மாற்றவே வேண்டாம், ஜூலியன் தேதியையே எழுதுவது வழக்கம். கிரனடா நகரம் 1492 ஜனவரி 2இல் சரணடைந்ததும், எட்வர்டு மன்னர் மறைந்து 1066 ஜனவரி 6இல் ஹெரால்டு முடிசூடியதும் அப்படியே இருக்கட்டும்.

1582க்குப் பிறகு, எந்த நாடு எப்போது மாறியது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் மாறியது 1752 செப்டம்பரில், 2ஆம் தேதிக்கு மறுநாள் 14. ரஷ்யா மாறியது 1918இல், ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல். ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டிய நாள்கள்: 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10, அடுத்த நூற்றாண்டுக்கு 11, 1800 மார்ச் முதல் 12, 1900 மார்ச் முதல் 13.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, எந்த நூற்றாண்டானாலும் 13ஐக் கூட்டுவது. நியூட்டனுக்கு 13 கூட்டினால் ஜனவரி 7 வந்துவிடும். வித்தியாசம் நிகழ்வு நடந்த நூற்றாண்டைப் பொறுத்தது, நீங்கள் வாழும் நூற்றாண்டை அல்ல. இன்னொன்று, ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றுவது. மூல நூலின் முன்னுரையில் எந்தக் கணக்கு என்று சொல்லியிருப்பார்கள், அதைப் படிக்காமல் கூட்டக் கூடாது.

1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குளிர்கால அரண்மனை நோக்கி மனுவோடு போன மக்கள்மீது படை சுட்ட ‘இரத்த ஞாயிறு’ நல்ல உதாரணம். ரஷ்யாவின் அன்றைய கணக்கில் ஜனவரி 9, கிரிகோரியனில் ஜனவரி 22. உங்கள் பட்டியலில் மற்றதெல்லாம் கிரிகோரியன் என்றால் இது முதல் பத்து நாளுக்குள் வராது. எதிர்த்திசையில், போர்ட் ஆர்தர் கோட்டையின் ரஷ்யப் படை ஜப்பானிடம் சரணடைந்தது ரஷ்யக் கணக்கில் 1904 டிசம்பர் 20. நமக்கு அது 1905 ஜனவரி 2. ரஷ்ய மூலத்தில் டிசம்பர் கடைசியைத் தேடாமல் விட்டவருக்கு இந்த நிகழ்வு கண்ணிலேயே படாது.

இங்கிலாந்தின் பழைய நிகழ்வுகளுக்கு வரலாற்று நூல்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. நாளை மாற்றுவதில்லை, ஆண்டை மட்டும் மாற்றுகின்றன. அங்கே 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் சார்லஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் தாங்கியவர்களோடு மக்களவைக்குள் நுழைந்தது 1642 ஜனவரி 4 என்று எழுதுகிறோம். அன்றைய ஆவணத்தில் ஆண்டு 1641 என்றிருக்கும். 1558 ஜனவரி 7 அன்று கலே துறைமுகத்தை இங்கிலாந்திடமிருந்து பிரெஞ்சுப் படை பிடித்ததும் அதே கதை. அன்றைய பிரான்சில் ஈஸ்டரோடுதான் ஆண்டு பிறந்தது, ஆகவே இரு தரப்புக்கும் அது 1557தான். மூல ஆவணத்தைப் பார்த்துவிட்டு ‘எல்லா நூல்களும் ஓராண்டு தவறு’ என்று திருத்தப் போகிறவர் முதலில் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கில நிகழ்வின் நாளையும் கிரிகோரியனுக்கு மாற்றுவதானால் எல்லா ஆங்கில நிகழ்வுகளையும் மாற்றுங்கள், நியூட்டனை மட்டும் மாற்றிவிட்டு சார்லஸை விட்டுவிடாதீர்கள். உண்மையில் பெரும்பாலான பட்டியல்கள் செய்வது அதைத்தான். இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசையென்றால் நியூட்டன் வரியில் ‘இன்றைய நாள்காட்டிப்படி’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

சீசர் ரூபிகானைக் கடந்தது கி.மு. 49 ஜனவரி 10 என்பது மரபுத் தேதி. அது ஜூலியன் நாள்காட்டிக்கும் முந்தைய ரோமக் கணக்கு. இடைச்செருகல் மாதங்களைச் சேர்க்காமல் விட்டதால் அந்த நாள்காட்டி பருவத்தைவிட வெகுவாக முன்னே ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்டத்தான் கி.மு. 46ஆம் ஆண்டுக்கு 445 நாள்கள் கொடுத்து, கி.மு. 45 ஜனவரி 1இல் புதிய கணக்கைத் தொடங்கினார்கள். ஆகவே ‘கடுங்குளிரில் சீசர் ஆற்றைக் கடந்தார்’ என்று வருணிக்க வேண்டாம். பருவத்தால் அது இலையுதிர் காலம்.

கிழமைச் சோதனை

பேனாவும் தாளும் போதும், ஒரு நிமிடத்தில் முடியும். ஜனவரிக்கு இந்தக் கணக்கு மிக எளிது, ஏனென்றால் நெட்டாண்டின் கூடுதல் நாள் பிப்ரவரி கடைசியில்தான் வருகிறது.

1. ஆண்டிலிருந்து 1ஐக் கழியுங்கள். அதை ‘ம’ என்று வைத்துக்கொள்வோம்.
2. ‘ம’வை 4ஆல், 100ஆல், 400ஆல் வகுத்து முழு எண் ஈவுகளை மட்டும் எடுங்கள். மீதியை விட்டுவிடுங்கள்.
3. ம + (4ஆல் வந்த ஈவு) − (100ஆல் வந்த ஈவு) + (400ஆல் வந்த ஈவு) + ஜனவரித் தேதி.
4. மொத்தத்தை 7ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், 2 செவ்வாய், இப்படியே 6 சனி.

ஜூலியன் தேதியானால் 100, 400 ஈவுகள் வேண்டாம்: ம + (4ஆல் வந்த ஈவு) + தேதி − 2, பிறகு 7ஆல் வகுக்க வேண்டும்.

இரத்த ஞாயிறை வைத்துப் பாருங்கள். ம = 1904. கிரிகோரியன் ஜனவரி 9 என்று எடுத்தால் 1904 + 476 − 19 + 4 + 9 = 2374, மீதி 1, திங்கள். பெயரிலேயே ஞாயிறு இருக்கும்போது திங்கள் வருகிறதென்றால் தேதி வேறு கணக்கைச் சேர்ந்தது. ஜூலியன் வாய்ப்பாட்டில் 1904 + 476 + 9 − 2 = 2387, மீதி 0, ஞாயிறு. விடை கையில் வந்துவிட்டது.

இன்னும் நுட்பமான ஒன்று டாகரின் ஒளிப்பட முறை. பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அரகோ அதை அறிவித்தது 1839 ஜனவரி 9 என்று பல பட்டியல்களில் பார்க்கலாம். கழகம் வாராந்தரக் கூட்டத்தைத் திங்கள்கிழமை நடத்தும். ஜனவரி 9க்குக் கணக்குப் போட்டால் 1838 + 459 − 18 + 4 + 9 = 2292, மீதி 3, புதன். ஜனவரி 7க்கு 2290, மீதி 1, திங்கள். சரியான தேதி 7தான். செய்முறை விவரங்கள் வெளியிடப்பட்ட 1839 ஆகஸ்ட் 19உம் திங்கள்தான், ஜனவரி 7இலிருந்து சரியாக 32 வாரம்.

கிழமை பொருந்தினால் தேதி உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல. ஏழில் ஒரு தவறான தேதி தற்செயலாகவே பொருந்திவிடும். பொருந்தவில்லை என்றால்தான் இந்தச் சோதனை உறுதியான விடை தருகிறது.

கடிகாரம் யாருடையது?

நிகழ்வு நடந்த இடத்தின் உள்ளூர்த் தேதியையே எழுதுங்கள். இந்த ஒரு விதியே பெரும்பாலான சிக்கலைத் தீர்க்கும். இரவில் நடந்தவற்றுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. பர்மா 1948 ஜனவரி 4 அதிகாலை 4.20க்கு விடுதலை பெற்றது, சோதிடர்கள் குறித்த முகூர்த்தம் அது. அந்த நேரத்தில் லண்டனில் இன்னும் 3ஆம் தேதி. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியிலிருந்து நேச நாடுகளின் கடைசிப் படையினர் வெளியேறியது 1916 ஜனவரி 8 இரவில் தொடங்கி 9 விடியுமுன் முடிந்தது, ‘8–9 இரவு’ என்றே எழுதிவிடுவது நேர்மை.

வேற்றுக் கோளில் உள்ளூர்த் தேதி ஏது? ‘ஸ்பிரிட்’ ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது கிரீன்விச் நேரம் 2004 ஜனவரி 4 அதிகாலை சுமார் 4.35. கட்டுப்பாட்டு அறை இருந்த கலிபோர்னியாவில் ஜனவரி 3 இரவு 8.35. அமெரிக்கப் பட்டியல்களில் 3 என்றும் மற்றவற்றில் 4 என்றும் இருப்பதன் காரணம் இதுவே. சீனாவின் ‘சாங்-இ 4’ நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது பெய்ஜிங் நேரப்படி 2019 ஜனவரி 3 காலை 10.26, அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஜனவரி 2 இரவு. விண்வெளி நிகழ்வுகள் அனைத்தையும் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டுவந்து, பட்டியலின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

‘முதல்’ என்ற சொல்

இந்தச் சொல்லைப் பார்த்தால் நின்று யோசியுங்கள். 1927 ஜனவரி 7 அன்று நியூயார்க்–லண்டன் தொலைபேசிச் சேவை தொடங்கியது, மூன்று நிமிடத்துக்கு 75 டாலர். ‘அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் பேச்சு’ என்று எழுதாதீர்கள், ‘முதல் வணிகத் தொலைபேசிச் சேவை’ என்று எழுதுங்கள். அதுவும் வானலை வழியே நடந்தது, கடலடித் தொலைபேசி வடம் வந்தது 1956இல். 1992 ஜனவரி 9 அன்று வானியலாளர்கள் வோல்ஷான், ஃப்ரெயில் இருவரின் கட்டுரை வெளியானது. அதில் சொன்னவை உறுதிப்பட்ட முதல் புறக்கோள்கள், அதாவது சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்கள், ஆனால் துடித்துத் துடித்து அலை வீசும் ஒரு துடிவிண்மீனைச் (பல்சர்) சுற்றுபவை. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல்தான் தெரிந்தது. அடைமொழி விடுபட்டால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும்.

‘லூனா 1’ 1959 ஜனவரி 2இல் ஏவப்பட்டது. ‘நிலவை அடைந்த முதல் கலம்’ அல்ல அது, நிலவைச் சுமார் 6,000 கிலோமீட்டர் தொலைவில் தவறவிட்டுப் போனது. தவறியதால்தான் சூரியனைச் சுற்றிய முதல் செயற்கைப் பொருள் என்ற பெயர் அதற்கு வந்தது.

எழுதும்போது

ஒரு நிகழ்வுக்கு 25 முதல் 40 சொற்கள். யார், எங்கே, என்ன என்பது முதல் வாக்கியத்தில், அதனால் என்ன ஆனது என்பது இரண்டாவதில். பின்னாளில் மாறிய பெயரை அன்றைய நிகழ்வில் ஒட்டாதீர்கள். 1912 ஜனவரி 8 அன்று புளூம்ஃபோன்டெய்னில் தொடங்கியது தென்னாப்பிரிக்கப் பூர்வகுடித் தேசிய காங்கிரஸ், 1923இல்தான் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆனது. ‘பின்னாளில்’ என்ற ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடும்.

‘இத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்று எழுதுவதானால், கி.மு. ஆண்டுகளுக்கு இரண்டு எண்ணையும் கூட்டி 1ஐக் கழியுங்கள், ஏனென்றால் சுழியம் ஆண்டு கிடையாது. ரூபிகானின் 2,100ஆவது ஆண்டு 2051இல் அல்ல, 2052இல் வருகிறது.

நாள்வாரியாகச் சில பரிந்துரைகள்

மேலே சொன்னவற்றைத் தவிர, எடுத்துக்கொள்ளத் தகுந்தவையும் அவற்றில் கவனிக்க வேண்டியவையும்.

ஜனவரி 1இல் இடம் போதாது. ‘நடைமுறைக்கு வந்தது’ வகையிலிருந்து ஒன்றிரண்டுக்கு மேல் எடுத்தால் பட்டியல் அரசிதழ் போல் ஆகிவிடும். அந்த இரண்டில் ஒன்று 1983இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் கணினி வலையமைப்பு, கணினிகள் தமக்குள் தரவு பரிமாறும் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியதாக இருக்கலாம், இன்றைய இணையம் அதன் மேல்தான் நிற்கிறது. யூரோவை எடுத்தால் 1999இல் கணக்கில் மட்டும், 2002இல் தாளும் நாணயமும் என்று பிரித்து எழுதுங்கள். மனிதர்கள் வரும் நிகழ்வுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். 1801இல் பலெர்மோவில் வானியலாளர் பியாஸி ‘செரஸ்’ என்ற குறுங்கோளைக் கண்டார். சில வாரங்களில் அது சூரியனின் ஒளியில் மறைந்துபோக, கணித மேதை காஸ் போட்ட கணக்கை வைத்து அதே ஆண்டின் கடைசி நாளில் மீண்டும் பிடித்தார்கள். 1804இல் டெசலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். 1863இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. ‘அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த நாள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கே பொருந்தியது, நாடு முழுவதற்குமான சட்டத்திருத்தம் 1865 டிசம்பரில் வந்தது. 1959இல் சர்வாதிகாரி பாட்டிஸ்டா கியூபாவை விட்டு ஓடியது ஜனவரி 1 அதிகாலை, புரட்சித் தலைவர் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் வந்தது 8.

ஜனவரி 2க்கு கிரனடா, போர்ட் ஆர்தர், லூனா 1 மூன்றும் போதும். 3ஆம் தேதிக்கு ஜப்பானில் மன்னரின் ஆட்சி மீண்ட 1868 மெய்ஜி மீட்சி. ஜப்பானின் அன்றைய கணக்கில் அது பன்னிரண்டாம் மாதத்தின் 9ஆம் நாள். 1959இல் அலாஸ்கா அமெரிக்காவின் 49ஆவது மாநிலமானது. 2009இல் பிட்காயினின் முதல் தொகுதி உருவானது.

ஜனவரி 4 லூயி பிரெயிலின் பிறந்தநாள், 1809. அவர் இறந்தது 1852 ஜனவரி 6, இரண்டு தேதியும் இடம் மாறிவிடுவதுண்டு. 2010இல் 828 மீட்டர் உயரமுள்ள கோபுரம் துபாயில் திறக்கப்பட்டது. அன்றுவரை அதன் பெயர் புர்ஜ் துபாய், திறப்பு விழாவில்தான் புர்ஜ் கலீஃபா ஆனது.

5ஆம் தேதி 1895இல், தேசத் துரோகம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி ட்ரைஃபஸின் பதவிப் பட்டைகள் பிடுங்கப்பட்டன. தீர்ப்பு வந்தது அதற்கு முந்தைய மாதம், குற்றமற்றவர் என்று அறிவித்தது 1906. 1933இல் கோல்டன் கேட் பாலத்தின் கட்டுமானம் தொடங்கியது, திறப்பு 1937 மே. 1971இல் மெல்போர்னில் மழையால் கைவிடப்பட்ட டெஸ்டுக்குப் பதிலாக ஆடிய ஆட்டம் பின்னாளில் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியாகக் கணக்கில் ஏறியது. ஓவருக்கு எட்டுப் பந்து, அணிக்கு 40 ஓவர். ஆறு பந்து ஓவர் என்று எண்ணி பந்துகளைக் கணக்கிட்டால் அணிக்கு 80 பந்து குறையும்.

6ஆம் தேதிக்கு 1907இல் ரோமில் மான்டிசோரியின் முதல் குழந்தைகள் இல்லம், 1912இல் ஃபிராங்க்பர்ட்டில், கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று வேகனர் சொன்ன கண்டப்பெயர்ச்சி உரை. வேகனர் ‘நிரூபித்தார்’ என்று எழுத வேண்டாம், அறிஞர்கள் பரவலாக ஒப்புக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

ஜனவரி 7 வளமான நாள். 1610இல் கலிலியோ வியாழனருகே மூன்று ஒளிப்புள்ளிகளைப் பார்த்தார். நான்காவது தெரிந்தது 13ஆம் தேதி, அன்றைக்கே நான்கையும் பார்த்ததாக எழுதினால் தவறு. 1785இல் பிளான்ஷாரும் ஜெஃப்ரிஸும் டோவரிலிருந்து பலூனில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்கள், எடை குறைக்க உடுப்பைக்கூடக் கழற்றி எறிய வேண்டியிருந்தது. 1979இல் வியட்நாம் படை கம்போடியத் தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்தது. 1989இல் ஜப்பானின் ஹிரோஹிட்டோ மன்னர் மறைந்தார், அகிஹிட்டோ அன்றே அரியணை ஏறினார், ஆனால் அவர் ஆட்சிக்குரிய ஹெய்செய் ஆண்டுக்கணக்கு தொடங்கியது மறுநாள். ஆகவே ஹிரோஹிட்டோ ஆட்சிக்குரிய ஷோவா கணக்கின் 64ஆம் ஆண்டுக்கு மொத்தம் ஏழே நாள். ஜப்பானிய ஆவணத்தில் ‘ஷோவா 64’ என்றிருந்தால் அது இந்த ஏழு நாளில் ஒன்று, ஒன்றும் பிழையில்லை.

8ஆம் தேதிக்கு 1889இல் துளையிட்ட அட்டைகளால் தரவை எண்ணும் ஹாலரித்தின் எந்திரத்துக்குக் காப்புரிமை, 1918இல் அமெரிக்க அதிபர் வில்சன் அமைதிக்காக முன்வைத்த பதினான்கு அம்சங்கள். ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8இல் பிறந்தார், கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு. இது தாராளமாக எழுதலாம், இரண்டும் ஒரே நாள்காட்டி.

9ஆம் தேதி 1915இல் காந்தி பம்பாயில் வந்திறங்கினார். ‘தென்னாப்பிரிக்காவிலிருந்து நேரே’ என்ற சொற்களை வெட்டிவிடுங்கள், 1914 ஜூலையில் அங்கிருந்து கிளம்பி லண்டனில் தங்கிவிட்டு வந்தார்.

ஜனவரி 10க்கு 1901இல் டெக்சாசின் ஸ்பிண்டில்டாப் எண்ணெய் ஊற்று. 1946இல் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய ரேடார் அலை நிலவில் பட்டுச் சுமார் இரண்டரை நொடியில் திரும்பியது. 1972இல் முஜிபுர் ரஹ்மான் டாக்கா திரும்பினார், அவர் விடுதலையானது 8ஆம் தேதி, இடையில் லண்டன். 1966இல் தாஷ்கந்தில் சாஸ்திரியும் அயூப் கானும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது இதே 10. சாஸ்திரி மறைந்தது அந்த இரவு நள்ளிரவு தாண்டி. அந்த வரியை 11ஆம் தேதிப் பட்டியலுக்குத் தள்ளிவிடுங்கள்.